வாலஸ் கலெக்‌ஷன்: படத்தைப் பார்க்கும் முன் அலமாரியைப் பாருங்கள்

லண்டனுக்கு வரும் நண்பர்கள், "பழைய பிரெஞ்சு ஓவியமெல்லாம் பார்க்கணும், எங்கே போகலாம்?" என்று கேட்டால் நான் ஒரு வீட்டு முகவரியைக் கொடுப்பேன். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையை ஒட்டி டியூக் தெரு பிரிகிறது. அதில் வடக்கே ஐந்து நிமிடம் நடந்தால் மான்செஸ்டர் ஸ்கொயர் என்ற சின்னப் பூங்கா. அதன் வடபுறம் நிற்கும் செங்கல் மாளிகைக்குப் பெயர் ஹெர்ட்ஃபோர்டு ஹவுஸ். உள்ளே இருப்பதுதான் வாலஸ் கலெக்‌ஷன். நுழைவுக் கட்டணம் கிடையாது.

நான் முதன்முதலில் போனது ஒரே ஒரு படத்துக்காக. ஊஞ்சலில் ஒரு பெண், காலிலிருந்து பறக்கும் செருப்பு. எல்லாரும் எங்காவது பார்த்திருக்கும் அந்தப் படம். தேடிப்போய்ப் பார்த்தேன், கைபேசியில் எடுத்தேன், அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். சுற்றிலும் இருந்த தங்க நிறச் சாமான்கள் கண்ணைக் கூசியதுதான் மிச்சம்.

அடுத்த முறை அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுப்பறை வைத்த ஒரு மரப்பெட்டியின் முன்னால் நின்றுகொண்டு, "இதுல சாவி எங்கடா போடுவாங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் குனிந்து தேடினோம். முகப்பு முழுக்க வெண்கல இலைகள் சுழன்று படர்ந்திருந்தன. கைப்பிடி எது, அலங்காரம் எது என்று பிரிக்கவே முடியவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு அந்த வீடு திறந்தது. இந்த வழிகாட்டி அம்மா போட்ட வழியில்தான் போகிறது: முதலில் சாமான், அப்புறம் படம்.

போவதற்கு முன் ஒரு சின்னக் கதை

பிரெஞ்சு அரச குடும்பத்தின் மேசையும் அலமாரியும் லண்டனுக்கு எப்படி வந்தன என்று தெரியாமல் உள்ளே போனால் பாதி சுவை போய்விடும்.

பிரெஞ்சுப் புரட்சியில் மன்னராட்சி கவிழ்ந்த பிறகு, வெர்சாய் அரண்மனைச் சாமான்களைப் புதிய அரசு ஏலம் விட்டது. 1793 ஆகஸ்டில் தொடங்கிய ஏலம் ஏறக்குறைய ஓராண்டு நடந்தது. 17,000க்கும் மேற்பட்ட உருப்படிகள் கைமாறின. கட்டிலும் கடிகாரமும் பீங்கானும் வியாபாரிகள் வழியாக ஐரோப்பா முழுக்கச் சிதறின. வாங்கும் வசதி இருந்த ஆங்கிலப் பிரபுக்கள் வாங்கிக் குவித்தார்கள். அவர்களில் ஒரு பரம்பரை ஹெர்ட்ஃபோர்டு மார்க்விஸ்கள். மூன்றாம் மார்க்விஸ் தனக்கு வாங்கியதோடு, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசருக்கும் வாங்கிக் கொடுத்தார். நான்காம் மார்க்விஸ் (1800–1870) இதில் அசுரன். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாரிஸில் கழித்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கையில் கணக்கில்லாத பணம். இன்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு அவர் சேர்த்ததுதான்.

இனிமையான படங்கள்தான் தனக்கு வேண்டும் என்று தன் முகவருக்குக் கடிதம் எழுதியவர் இவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இருப்பது பிரெஞ்சுக் கலையின் முழு வரலாறு இல்லை, ஒரு பணக்காரரின் ருசி. ரத்தமும் தவமும் வறுமையும் அந்த ருசிக்கு ஒத்துவரவில்லை.

அவர் 1870இல் இறந்தார். பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டுக்கொண்டிருந்த சமயம். சொத்து, அவருடைய செயலாளராக இருந்த ரிச்சர்ட் வாலஸுக்குப் போனது. வாலஸ் அவருடைய மகன்தான் என்று அன்றும் பேசிக்கொண்டார்கள், இன்றும் பலர் நம்புகிறார்கள். பாரிஸ் முற்றுகையில் ஊரே பட்டினி கிடந்தபோது வாலஸ் ஓடவில்லை. தன் பணத்தில் ஏழைகளுக்கு உதவிகள் செய்தார். போருக்குப் பிறகு நகரத்துக்குக் குடிநீர் ஊற்றுகளையும் கொடுத்தார். பச்சை வண்ணம் பூசிய வார்ப்பிரும்பில், நான்கு பெண்சிலைகள் கூரையைத் தாங்கும் அந்த ஊற்றுகளைப் பாரிஸ் தெருக்களில் இன்றும் காணலாம். அவற்றில் ஒன்று இந்த லண்டன் வீட்டு வாசலிலும் நிற்கிறது. உள்ளே போகும் அவசரத்தில் பலர் கவனிப்பதில்லை.

வாலஸுக்குப் பின் எல்லாம் அவர் மனைவிக்கு வந்தது. இளமையில் பாரிஸில் வாசனைத் திரவியக் கடையில் வேலை பார்த்தவர் அவர். 1897இல் இறந்தபோது சேகரிப்பை நாட்டுக்கு எழுதிவைத்தார். ஒரு நிபந்தனை: எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும், வேறு எந்தக் கலைப்பொருளையும் இதோடு கலக்கக் கூடாது. 1900இல் வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த நிபந்தனையால் 2019 வரை இங்கிருந்து ஒரு பொருள்கூட வேறு அருங்காட்சியகத்துக்கு இரவலாகப் போகவில்லை. ஆக, இந்தச் சேகரிப்பு வளரவும் இல்லை, தேயவும் இல்லை.

எப்போது போவது, எதை எடுத்துப் போவது

தினமும் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவார்கள். டிசம்பர் 24, 25, 26 மூன்று நாளும் விடுமுறை. வார நாள் காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். முதல் ஒரு மணி நேரம் சில அறைகளில் நீங்களும் காவலரும் மட்டுமே இருப்பீர்கள். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் போனால் தங்க நிறம் திகட்டிவிடும். சர்க்கரைப் பொங்கலை எவ்வளவுதான் சாப்பிட முடியும்?

பெரிய பையைக் காப்பறையில் விட்டுவிடுங்கள். ஃபிளாஷ் போடாமல் படம் எடுக்கலாம். கண்ணாடி போடுபவர்கள் கிட்டப்பார்வைக் கண்ணாடியோடு படிக்கும் கண்ணாடியையும் எடுத்துப் போங்கள், நுணுக்க வேலை அதிகம். சாமான்கள் பலவும் கயிறு கட்டாமல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது நல்லது. குனிந்து பார்க்கும்போது நெற்றி இடிக்கிற அளவுக்குப் போனால் காவலர் வந்துவிடுவார். ஒருமுறை எனக்கு வந்தார்.

இன்னொரு உபாயம் எண்கள். இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் உண்டு. ஓவியம் என்றால் பி (P), மரச்சாமான் என்றால் எஃப் (F), பீங்கான் என்றால் சி (C). ஊஞ்சல் படம் பி 430. பூஸ்ஸான் என்ற ஓவியரின் நடனப் படம் பி 108. அவ்வப்போது அறை மாற்றி வைப்பார்கள் என்பதால் காகிதத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு காவலரிடம் காட்டுங்கள். பிரெஞ்சுப் பெயரை உச்சரித்துத் திண்டாடுவதைவிட இது எளிது. வீட்டுக்கு வந்தபின் அதே எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டால் அந்தப் பொருளின் முழு விவரமும் வரும்.

முதல் படி: படிக்கட்டு

வாசலைத் தாண்டியதும் எதிரே பெரிய படிக்கட்டு. ஏறாதீர்கள். கீழேயே நின்று அதன் கைப்பிடியைப் பாருங்கள். கருநிற இரும்பும் தங்க நிற வெண்கலமும் பின்னிய வேலை. அதில் இரண்டு எல் எழுத்துகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருக்கும். அது 15ஆம் லூயி மன்னனின் முத்திரை. இன்னும் உற்றுப் பார்த்தால் கொம்பு வடிவப் பாத்திரங்களிலிருந்து காசும் காகித நோட்டும் கொட்டுவது தெரியும்.

காகித நோட்டு ஏன்? இது 1720 வாக்கில் பாரிஸின் அரச வங்கிக்காகச் செய்த கைப்பிடி. ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரான்சுக்குக் காகிதப் பணத்தைப் பழக்கி, மிசிசிப்பி கம்பெனிப் பங்குகளை ஏற்றிவிட்டு, 1720இலேயே எல்லாம் சரிந்து ஊரைவிட்டு ஓடினாரே, அந்த வங்கி. பிற்காலத்தில் இந்தக் கைப்பிடி பழைய இரும்பு விலைக்குப் போனது. வாலஸ் அதை வாங்கி, தன் வீட்டுப் படிக்கட்டின் அளவுக்கு ஏற்ப மாற்றிப் பொருத்தினார். திவாலான ஒரு வங்கியின் விளம்பரம் இந்த ஊரின் ஒரு வீட்டில் மாடிப்படியாக நிற்கிறது. இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கீழ்த்தளத்தில் அரைமணி நேரம்

16ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் கீழ்த்தளத்தில் பின்பக்க அறைகளில் இருக்கின்றன. லிமோஜ் ஊரின் எனாமல் வேலை, செப்புத் தகட்டின் மேல் கண்ணாடித்தூளை உருக்கி வரைந்த படங்கள். பாலிஸி என்ற மட்கலக் கலைஞரின் பாணித் தட்டுகளையும் தேடுங்கள். உண்மையான பாம்பு, பல்லி, மீன், சிப்பியிலிருந்து அச்செடுத்துச் சுட்ட மண் தட்டுகள். சாப்பிடுவதற்கு இல்லை, சாப்பிட வந்தவரை அலற வைப்பதற்கு. பக்கத்திலேயே கத்தி, கவச அறைகளும் உண்டு. குழந்தைகளோடு போனால் அங்கேயே அவர்கள் நங்கூரம் போட்டுவிடுவார்கள். நம் கதைக்கு அது வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

மரமும் வெண்கலமும்

இங்கேதான் நிதானம் வேண்டும். வீட்டின் கீழும் மேலும் பல அறைகளில் பரவிக் கிடக்கும் மரச்சாமான்களில் மூன்று பேரின் வேலையை மட்டும் தேடுங்கள். இந்த மூவரும் மூன்று காலம்.

முதலாமவர் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732), 14ஆம் லூயியின் தச்சர். அவர் சாமானை அடையாளம் காண்பது சுலபம்: கருஞ்சிவப்புப் பளபளப்பின் மேல் பித்தளைக் கொடிகள். அந்தப் பளபளப்பு ஆமையோடு. செய்முறையைக் கேளுங்கள். ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே வரைபடத்தை வைத்து, மெல்லிய ரம்பத்தால் இரண்டையும் ஒரே வெட்டில் அறுப்பார்கள். பிரித்தால் கையில் நான்கு துண்டுகள்: ஓட்டுப் பின்னணி, பித்தளைப் பின்னணி, ஓட்டுக் கொடி, பித்தளைக் கொடி. ஓட்டுப் பின்னணியில் பித்தளைக் கொடியைப் பதித்தால் ஒரு சாமான். மிஞ்சியதை மாற்றிப் பதித்தால் அதற்கே நேர்மாறான ஜோடி. சேதாரமே இல்லை. நம்மூர்க் கோலத்தில் புள்ளியையும் சுழியையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது போல, ஒரே வடிவம் இரண்டு விதமாகத் தெரியும். ஒரு அறையில் பூல் வேலை ஒன்றைப் பார்த்ததும், இது முதல் வெட்டா, எதிர்வெட்டா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னணி இருட்டாக இருந்தால் முதல் வெட்டு. பித்தளையே பின்னணியாக மின்னினால் எதிர்வெட்டு. இந்த ஒரு பயிற்சி போதும், மறுநாளே வேறு எந்த அருங்காட்சியகத்திலும் பூல் பாணியைத் தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இந்த மாதிரித் தச்சர்களுக்குப் பிரெஞ்சில் எபெனிஸ்த் என்று பெயர். எபோனி என்ற கருமரத்திலிருந்து வந்த சொல். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளையும் மரம் அது, ஈழத்தில் கருங்காலி என்பார்கள். இப்போது தெருவுக்குத் தெரு மாலையாக விற்கிறார்களே, அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படியும் ஒரு பெருமை உண்டு.

இரண்டாவது, ஆந்த்வான் கோத்ரோ 1739இல் வெர்சாயில் 15ஆம் லூயியின் படுக்கையறைக்காகச் செய்த இழுப்பறைப் பெட்டி. எண் எஃப் 86. வெண்கல வேலை ஜாக் காஃபியேரி. அம்மா சாவித்துளை தேடிய ரகம் இதுதான். இரண்டு இழுப்பறைகள் இருப்பதையே மறைக்கும்படி வெண்கல இலைகள் முகப்பு முழுக்கப் படர்கின்றன. பெட்டியின் உடம்பும் நேர்க்கோட்டில் இல்லாமல் வயிறு தள்ளி வளைகிறது. ரொகோகோ பாணி என்று புத்தகங்கள் சொல்வதை விளக்கத் தனியாக ஒன்றும் தேவையில்லை, இதன் முன்னால் நின்றால் போதும்.

அந்த வெண்கலத்தின் மேல் இருப்பது அசல் தங்கம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, குழம்பாக்கி, வெண்கலத்தில் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் பறந்துபோகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகள் நடுக்கமும் நோயும் கண்டு சீக்கிரமே செத்தார்கள். பளபளப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்துவிடும். பொருளின் பக்கத்தில் வைத்த விவரச் சீட்டில் ராஜா பெயர் இருக்கும், முலாம் பூசியவன் பெயர் இருக்காது.

கூலிக்காரர்களுக்குள்ளும் எல்லை இருந்தது. தச்சர் சங்கம் வேறு, வெண்கலம் வார்ப்போர் சங்கம் வேறு, முலாம் பூசுவோர் சங்கம் வேறு. ஒருவர் வேலையை மற்றவர் தொடக் கூடாது. ஷார்ல் கிரெஸ்ஸான் என்ற தச்சர் தன் சாமானுக்குத் தானே வெண்கலம் வார்த்ததற்காக வழக்கில் மாட்டிக்கொண்டார். அவர் செய்த பொருள்களும் இங்கே உண்டு. பூலுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. மன்னர் ஆதரவில் லூவ்ர் அரண்மனையிலேயே குடியிருந்தவர் அவர்.

மூன்றாமவர் ரீஸ்னர். ஜெர்மனியிலிருந்து பாரிஸுக்குப் பிழைக்க வந்து, மரி அந்த்வானெத் ராணிக்குப் பிடித்த தச்சர் ஆனவர். அவர் 1780களில் ராணிக்காகச் செய்த எழுதுமேசையும் மூலை அலமாரியும் இங்கே இருக்கின்றன. கோத்ரோவின் பெட்டியிலிருந்து நேராக இதற்கு வாருங்கள். வயிறு உள்ளே போய்விட்டது, கோடு நிமிர்ந்துவிட்டது, வெண்கலம் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. மரத்துண்டுகளைப் பதித்த கட்டம் கட்டமான பின்னல் வேலைதான் முன்னால் நிற்கிறது. நாற்பது ஐம்பது வருஷத்தில் ஒரு நாட்டின் ருசி திரும்பியதை இரண்டு சாமான்களுக்கு நடுவே நடந்தே பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. நான்காம் மார்க்விஸ், காசு கொடுத்தாலும் கிடைக்காத சாமான்களுக்கு நகல் செய்யவைத்தார். அப்படிச் செய்த 19ஆம் நூற்றாண்டு நகல்களும் இங்கே அசல் போலவே மின்னுகின்றன. சீட்டில் ஆண்டைப் படிக்காமல் மயங்க வேண்டாம்.

பீங்கான்: இரண்டு பொருள் போதும்

செவ்ர் பீங்கான் இங்கே மலைபோல் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் பாத்திரக் கடையில் சுற்றிய களைப்புதான் வரும்.

வான்சென் கோட்டையில் 1740இல் தொடங்கிய பட்டறை 1756இல் செவ்ர் கிராமத்துக்கு மாறியது. 1759இல் மன்னரே அதை வாங்கிக்கொண்டார். சீனாவில் பீங்கானுக்குப் பயன்படுத்திய வெண்களிமண் அப்போது பிரான்சில் கிடைக்கவில்லை. அதனால் கண்ணாடிப் பொடி கலந்த ஒரு மாவைப் பிசைந்து சுட்டார்கள். சூளையில் பாதி உடைந்துபோகும். ஆனால் அந்த மென்மையான மேற்பூச்சுக்குள் வண்ணம் ஊறி இறங்கியது. அந்த ஆழமான நீலமும் கிளிப்பச்சையும் ரோஜா நிறமும் அப்படி வந்தவைதான். 1768இல் லிமோஜ் பக்கம் வெண்களிமண் அகப்பட்ட பிறகு கெட்டிப் பீங்கான் வந்தது, ஆனால் பழைய நிறத்தின் கனிவு அதில் இல்லை என்பது என் கட்சி.

பார்க்க வேண்டிய முதல் பொருள், கப்பல் வடிவ வாசனைச் சாடி. உள்ளே உலர்ந்த பூவிதழும் மசாலாவும் போட்டு வைப்பார்கள். மூடிதான் பாய்மரமும் கயிறும். அதிலுள்ள துளைகள் வழியே மணம் கசியும். இவ்வகையில் உடையாமல் மிஞ்சியவை உலகில் மிகச் சில. இரண்டாவது, ரஷ்யப் பேரரசி கத்தரீன் 1776இல் ஆணை கொடுத்துச் செய்வித்த நீல விருந்துத் தொகுதியைச் சேர்ந்த ஐஸ்கிரீம் பாத்திரம். அடிப்பாத்திரத்தில் பனிக்கட்டி, நடுவில் ஐஸ்கிரீம், குழிந்த மூடியின் மேலும் பனிக்கட்டி. மின்சாரம் இல்லாத காலத்துக் குளிர்பெட்டி.

இப்போது மேலே ஏறலாம்.

பூஷேயும் பொம்பதூர் சீமாட்டியும்

படியேறி முடித்ததும் இரண்டு பிரம்மாண்டமான படங்கள் எதிர்ப்படும். ஃபிரான்ஸ்வா பூஷே 1752–53இல் வரைந்த சூரிய உதயமும் அஸ்தமனமும். மூன்று மீட்டருக்கு மேல் உயரம். கடல்தேவதைகள் சூழ, சூரியதேவன் அப்பல்லோ ஒன்றில் கிளம்புகிறான், இன்னொன்றில் வீடு திரும்புகிறான். பார்த்ததும் நம்மவர்களுக்கு வரும் முதல் எண்ணம், "என்ன இது, எல்லா உடம்பும் ஒரே ரோஸ் நிறம்?" என்பதுதான். எனக்கும் வந்தது.

ஆனால் இவை சுவரில் மாட்ட மட்டும் வரைந்த படங்கள் இல்லை. கோப்லென் நெசவுக்கூடத்தில் திரைச்சீலை நெய்வதற்கான மாதிரிகள். நூலில் வரப்போகும் நிறத்தைக் கணக்குப் போட்டு வரைந்தவை. கீழே சாமான்களைப் பார்த்துவிட்டு வந்திருப்பதால் உங்களுக்கு இது உடனே பிடிபடும்: பெட்டியின் மேல் சுழன்ற அதே வெண்கல இலைதான் இங்கே அலையாகவும் முகிலாகவும் சுழல்கிறது. இந்தப் படங்களைத் தனதாக்கிக்கொண்டவர் 15ஆம் லூயியின் காதலி பொம்பதூர் சீமாட்டி.

அவரையே பூஷே 1759இல் வரைந்த படம் இதே வீட்டில் இருக்கிறது, எண் பி 418. தோட்டத்தில் நிற்கிறார், பக்கத்துப் பெஞ்சில் அவருடைய செல்ல நாய் இனெஸ். பின்னால் ஒரு சிலை. அதைப் பலர் தோட்ட அலங்காரம் என்று கடந்துவிடுவார்கள். அந்தச் சிலை பிகால் என்ற சிற்பி செய்தது: காதல் நட்பைத் தழுவுகிறது. அதற்குள் மன்னரோடு அவருக்கிருந்த உடல் உறவு முடிந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அரண்மனையில் அவர் செல்வாக்கு குறையவில்லை. காதலி பதவி போனாலும் தோழி பதவி நிலைக்கிறது என்பதை ஊருக்கே அறிவிக்க அவர் எடுத்துக்கொண்ட சுவரொட்டி இது. உடையின் சரிகை மடிப்புகளையும் பாருங்கள், ஆனால் முதலில் அந்தச் சிலை.

வாத்தோ: கிட்டே போங்கள்

அந்த்வான் வாத்தோ (1684–1721) காசநோயில் 36 வயதில் இறந்தவர். படங்கள் சிறியவை. தூரத்திலிருந்து பார்த்தால் பூங்காவில் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கிட்டே போய் ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். யாரோ யாரையோ கேட்கிறார்கள், அவள் வேறெங்கோ பார்க்கிறாள். இசைக்கருவிக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள், கச்சேரி தொடங்குவதில்லை. பாரிஸ் கலைக்கழகத்துக்கு இவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்றே புரியாமல், 1717இல் இவர் அங்கம் பெற்றபோது இவ்வகைப் படத்துக்கென்று தனிப் பெயரே வைத்தது. சிலிர்ப்பும் சோகமும் கலந்த இந்த மனநிலை அவர் சீடர்களிடம் வரவில்லை. லாங்க்ரே வரைந்த நடனக்காரி கமார்கோவின் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அழகுதான், ஆனால் அங்கே எல்லாரும் சந்தோஷமாகவே இருக்கிறார்கள். கமார்கோ பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கித் தைத்துப் பாத வேலையைக் காட்டியவள் என்பதால் காலைக் கவனியுங்கள்.

க்ரூஸ் என்பவரின் படங்களும் நிறைய இருக்கின்றன. கண்ணீர் தளும்பும் இளம்பெண்கள். நான் வேகமாகக் கடந்துவிடுவேன்.

ஊஞ்சல்

இனி பி 430. ஃபிராகோனார், 1767–68 வாக்கில். எதிர்பார்த்ததைவிடச் சின்னது: 81 சென்டிமீட்டர் உயரம், 64 அகலம். 2021இல் பழுப்பேறிய வார்னிஷை நீக்கிச் சுத்தம் செய்திருக்கிறார்கள்.

கதை இது. ஒரு பிரபு டோயன் என்ற ஓவியரைக் கூப்பிட்டு, "என் காதலி ஊஞ்சலாட வேண்டும், ஒரு பிஷப் தள்ளிவிட வேண்டும், நான் கீழே அவள் கால் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்" என்று கேட்டாராம். சமயப் படங்கள் வரைந்துவந்த டோயன் பதறிப்போய் ஃபிராகோனாரைக் கைகாட்டிவிட்டார். ஃபிராகோனார் பிஷப்பை எடுத்துவிட்டு ஒரு கிழவரை நிழலில் உட்காரவைத்தார். மற்றதெல்லாம் கேட்டபடியே.

பார்க்கும் வரிசை சொல்கிறேன். ரோஜா நிறப் பாவாடையை விட்டுவிடுங்கள், அது தானாகவே கண்ணில் படும். முதலில் இடப்பக்கம் மேலே கல் மன்மதன், உதட்டில் விரல், "யாரிடமும் சொல்லாதே." அது ஃபால்கொனே என்ற சிற்பி செய்த சிலையின் வடிவம். பிறகு செருப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு வலப்பக்கம் கீழே குரைக்கும் சின்ன வெள்ளை நாய். நாய் என்றால் விசுவாசத்தின் அடையாளம். அது ஒன்றுதான் இந்தக் கூட்டத்தில் ஆட்சேபிக்கிறது. கடைசியாக மரங்கள். படத்தின் பெரும்பகுதி நீலப்பச்சை இலைதான். அந்த இலைச் சுழற்சியைக் கீழ்த்தளத்தில் வெண்கலமாகப் பார்த்துவிட்டுத்தானே வந்தோம்.

பூஸ்ஸான், கடைசியாக

காலவரிசைப்படி இவர் முதலில் வர வேண்டும். ஆனால் வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன். அத்தனை சுழற்சிக்கும் சர்க்கரைக்கும் பிறகு பெரிய கூடத்தில் பி 108 முன்னால் நிற்கும்போது ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் குடித்தது போல இருக்கும்.

நிக்கோலா பூஸ்ஸான் பிரெஞ்சுக்காரர், ஆனால் வாழ்ந்தது பெரும்பாலும் ரோமில். 1634–36 வாக்கில், பிற்காலத்தில் போப்பான ரோஸ்பில்யோசிக்காக இதை வரைந்தார். நான்கு பேர் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள், முகம் வெளிப்பக்கம். வறுமை, உழைப்பு, செல்வம், இன்பம். வறுமை உழைக்கிறது, உழைப்பு செல்வமாகிறது, செல்வம் இன்பத்தில் இறங்குகிறது, இன்பம் முற்றினால் திரும்ப வறுமை. இறக்கை வைத்த கிழவர் யாழ் வாசிக்கிறார், அவர்தான் காலம். ஓரத்தில் ஒரு குழந்தை சோப்புக் குமிழி ஊதுகிறது, இன்னொன்று மணற்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கைகளை வரிசையாகத் தொட்டுப் பாருங்கள், கண்ணால்தான்: எல்லாக் கையும் உறுதியாகப் பிடித்திருக்கின்றனவா? செல்வத்தின் கைக்கு வறுமை நீட்டும் கை வந்து சேரும் இடத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். முகங்களில் இன்பம் மட்டும்தான் நம்மை நேராகப் பார்க்கிறாள்.

இங்கே இல்லாதவை

பசித்தால் நடு முற்றத்தில் கண்ணாடிக் கூரையின் கீழ் உணவகம் இருக்கிறது. இடம் அழகு, விலை கொஞ்சம் கூடுதல். வெளியே மேரிலெபோன் பக்கம் நடந்தால் மலிவாகக் கிடைக்கும்.

முதலில் சொன்னேனே, இது ஒரு பணக்காரரின் ருசி என்று. அதனால் லா டூர் என்ற ஓவியரின் மெழுகுவத்தி வெளிச்சமோ, ஷார்தான் என்ற ஓவியரின் சமையலறையோ இங்கே கிடைக்காது. ஷார்தானுக்கு வேறொரு நாள் டிரஃபால்கர் சதுக்கத்திலிருக்கும் நேஷனல் கேலரிக்குப் போங்கள். சீட்டுக்கட்டால் வீடு கட்டும் பையனின் படம் அங்கே இருக்கிறது. தங்கமும் இல்லை, தேவதையும் இல்லை. ஒரு மேசை, அதன் மேல் சீட்டுகள். அங்கேயும் கட்டணம் கிடையாது, வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும்.